வண்டியில் எத்தனை பேர்?

நியூயார்க் நகரத்தில் ஒரு குடியிருப்பில் தீ என்று தகவல் வந்தால், வழக்கமாக முதல் அழைப்பிலேயே மூன்று இன்ஜின்களும் இரண்டு ஏணி வண்டிகளும் ஒரு பட்டாலியன் தலைவரும் புறப்படுகிறார்கள். மறுநாள் செய்தித்தாளில் 'ஐந்து வண்டிகள் விரைந்தன' என்று வரும். தீயணைப்பு நிலையத்தில் வேலை பார்த்தவன் அப்படி எண்ணுவதில்லை. இன்ஜின் ஒவ்வொன்றிலும் அதிகாரியோடு சேர்த்து 5 பேர், ஏணி வண்டி ஒவ்வொன்றிலும் 6 பேர். ஆக மொத்தம் 27 பேர். தலைவரையும் அவருடைய உதவியாளரையும் சேர்த்தால் 29. தீயை அணைப்பது அந்த 29தான், ஐந்து அல்ல.

நான் தமிழ்நாடு தீயணைப்புத் துறையில் ஃபயர்மேனாகச் சேர்ந்து நிலைய அலுவலராக ஓய்வு பெற்றவன். மகள் குடும்பம் குவீன்ஸில் இருப்பதால் நியூயார்க்கில் தங்கும் வாய்ப்பு கிடைக்கிறது. மற்றவர்கள் சுதந்திர தேவி சிலையைப் பார்க்கப் போகும்போது நான் ஸ்பிரிங் தெருவில் உள்ள தீயணைப்பு அருங்காட்சியகத்துக்குப் போவேன். 1904இல் கட்டிய பழைய தீயணைப்பு நிலையம் அது. அங்கே பளபளக்கும் நீராவி இன்ஜின்களை எல்லோரும் படம் எடுத்துக்கொண்டிருக்க, என் கண் எப்போதும் ஒன்றைத்தான் தேடும்: இதில் எத்தனை பேர் ஏறினார்கள், யார் எங்கே நின்றார்கள்?

ஏனென்றால் வண்டி எல்லோர் கண்ணுக்கும் தெரியும், உள்ளே எத்தனை பேர் என்பது தெரியாது. ஆறு பேர் ஏறினாலும் மூன்று பேர் ஏறினாலும் வெளியே அதே சிவப்பு, அதே சைரன். அரசுக்குச் செலவைக் குறைக்க வேண்டி வந்தால் அதற்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. நிலையத்தை மூடலாம், மக்கள் தெருவுக்கு வருவார்கள். வண்டிக்கு ஓர் ஆளைக் குறைக்கலாம்; யாருக்கும் தெரியாது. நியூயார்க் தீயணைப்புத் துறையின் வரலாற்றில் இந்த இரண்டும் நடந்திருக்கின்றன. அந்த வரலாற்றை நம் ஊர்க்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் ஆசை.

ஒவ்வோர் இருக்கைக்கும் ஒரு வேலை

தமிழ்நாட்டில் நாங்கள் ஓட்டிய வண்டியில் தண்ணீர், பம்பு, ஹோஸ், ஏணி எல்லாம் ஒன்றாக இருக்கும். அதே குழுதான் தண்ணீரும் அடிக்கும், ஏணியும் சாத்தும், கதவையும் உடைக்கும். அமெரிக்காவில் இந்த வேலைகளை இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். இன்ஜின் குழுவின் பொறுப்பு தண்ணீர். ஏணிக் குழுவின் பொறுப்பு உள்ளே நுழைவது, ஆளைத் தேடுவது, புகைக்கு வழி திறப்பது. நியூயார்க்கின் ஏணி வண்டிகளில் பம்பே கிடையாது.

இன்ஜினில் ஐந்து பேர் என்றால் அதிகாரி, பம்பை இயக்கும் ஓட்டுநர், ஹோஸின் முனையைப் பிடிப்பவர், அவர் முதுகோடு ஒட்டி நின்று ஹோஸின் எதிர்விசையைத் தாங்குபவர், 'கன்ட்ரோல்' எனப்படும் ஐந்தாமவர். இந்தக் கன்ட்ரோல் ஆளின் வேலை எனக்கு மிகவும் பிடித்தது. தெருவில் நின்று கட்டடத்தைப் பார்த்த மாத்திரத்தில் எத்தனை நீளம் ஹோஸ் வேண்டும் என்று அவர் முடிவு செய்ய வேண்டும். ஒரு நீளம் 50 அடி. மாடிக்கு ஒன்று, தீ எரியும் வீட்டுக்குள் புரள ஒன்று, வாசலிலிருந்து படிக்கட்டு வரை எவ்வளவு தூரமோ அதற்கு ஏற்ப இன்னும் கொஞ்சம். குறைத்துக் கணக்கிட்டால் முனை பிடிப்பவர் தீ இருக்கும் அறைக்கு முன்பாகவே நின்றுவிடுவார். கூட்டிக் கணக்கிட்டால் ஹோஸ் படிக்கட்டில் சுருண்டு மடிந்து தண்ணீரை அடைக்கும்.

ஆறாவது ஆள் இருந்தால் அவர் கதவடியில் நிற்பார். ஹோஸ் கதவிலும் மூலையிலும் சிக்காமல் உள்ளே தள்ளிக்கொடுப்பது அவர் வேலை. கேட்பதற்கு எளிய வேலை. தண்ணீர் ஏறிய ஹோஸ் எவ்வளவு கனக்கும், ஒரு திருப்பத்தில் மாட்டினால் முன்னே இருப்பவர்கள் எப்படித் தவிப்பார்கள் என்பது இழுத்துப் பார்த்தவனுக்குத் தெரியும். ஒருமுறை பஞ்சுக் குடோன் ஒன்றில் நான் ஹோஸின் முனையான பிராஞ்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன். பின்னால் ஹோஸ் இரும்புக் கதவின் அடியில் சிக்கிக்கொண்டது. அதை விடுவிக்கப் பின்னால் ஆள் இல்லை. முதுகைத் தாங்கி நின்ற நண்பர் விட்டுவிட்டுப் போய் எடுத்துவிட்டு வரும் வரை நான் தனியாக நின்றேன். அந்தக் கதவடி ஆளின் மதிப்பை அன்று தெரிந்துகொண்டேன்.

ஏணி வண்டியில் ஆறு பேர் இரண்டாகப் பிரிகிறார்கள். அதிகாரியும் இரண்டு பேரும் உள்ளே போவார்கள். ஒருவர் கையில் கோடரியும் ஹாலிகன் என்ற நெம்புகோலும். இன்னொருவர் கையில் இரண்டரை காலன் தண்ணீர் உள்ள சிறு அணைப்பானும் நீண்ட கொக்கியும். மற்ற மூவர் வெளியே: ஏணியை இயக்கும் ஓட்டுநர், மொட்டைமாடிக்குப் போகிறவர், வெளிப்புற ஜன்னலை உடைத்துப் புகையை விடுகிறவர். பூட்டிய கதவு எதையும் பெயர்க்கும் அந்த நெம்புகோலை 1940களில் வடிவமைத்தவர் இதே துறையின் உயர் அதிகாரி ஹியூ ஹாலிகன். இன்று உலகம் முழுக்கத் தீயணைப்பாளர்கள் கையில் அது இருக்கிறது.

இந்தப் பட்டியலில் ஓர் ஆளை எடுத்தால் அவருடைய வேலை மறைந்துவிடாது. வேறொருவர் தன் வேலையை முடித்தபின் அதைச் செய்ய வேண்டும். ஒரே நேரத்தில் நடக்க வேண்டியவை ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும். தீ அதுவரை காத்திருக்காது.

கைகளின் காலம்

நியூயார்க் இன்னும் டச்சுக்காரர்களின் நியூ ஆம்ஸ்டர்டாமாக இருந்தபோது, 1648இல் ஆளுநர் பீட்டர் ஸ்டைவசன்ட் புகைபோக்கிகளைச் சோதிக்கத் தீக்காவலர்களை நியமித்தார். அபராதப் பணத்தில் தோல் வாளிகளும் ஏணிகளும் கொக்கிகளும் வாங்கினார்கள். தீ என்றால் ஊரே வரிசையாக நின்று வாளி கைமாற்றும். அன்றைய ஆள் கணக்கு ஊரின் மக்கள்தொகைதான்.

1731இல் லண்டனிலிருந்து ரிச்சர்ட் நியூஷம் செய்த இரண்டு கைப் பம்புகள் கப்பலில் வந்து இறங்கின. ஆறாண்டு கழித்து, 1737இல், குடியேற்றச் சட்டமன்றம் தன்னார்வத் தீயணைப்புப் படையைச் சட்டப்படி அமைத்தது. கைப் பம்பின் இரு பக்கமும் நீண்ட கட்டைகள் இருக்கும். அவற்றைப் பிடித்து ஆட்கள் மேலும் கீழும் அழுத்துவார்கள். சில நிமிடங்களில் தோள் சோர்ந்துவிடும். உடனே மாற்று ஆட்கள் வந்து பிடிக்க வேண்டும். அதனால் ஒரு பம்புக்குப் பெரிய கூட்டமே தேவைப்பட்டது. அதை இழுத்துக்கொண்டு ஓடவும் ஆட்கள்தான்.

மனிதத் தோள்களுக்கு ஓர் எல்லை உண்டு என்பதை 1835 டிசம்பர் 16ஆம் தேதி இரவு காட்டியது. அதற்கு முன்பே வேறு தீக்களோடு போராடிச் சோர்ந்திருந்தவர்கள் அந்த இரவு மீண்டும் ஓடினார்கள். உறைபனி. ஆற்றின் பனிக்கட்டியை வெட்டித் தண்ணீர் எடுத்தார்கள். எடுத்த தண்ணீர் ஹோஸுக்குள்ளேயே உறைந்தது. வால் தெருவை ஒட்டிய வணிகப் பகுதியில் 600க்கும் மேற்பட்ட கட்டடங்கள் எரிந்தன.

தன்னார்வக் குழுக்கள் வீரம் மிக்கவை. அதே அளவுக்குப் போட்டியும் மிக்கவை. யார் முதலில் போய்த் தண்ணீர்க் குழாயைப் பிடிப்பது என்று தெருவில் சண்டை நடக்கும். குழுவின் பின்னால் வாக்குகளும் இருந்தன. அமெரிக்கஸ் ஆறாம் எண் இன்ஜின் குழுவின் தலைவராக இருந்த வில்லியம் ட்வீட் பிற்காலத்தில் நகர அரசியலையே கைக்குள் வைத்தார். அந்த இன்ஜினில் வரைந்திருந்த புலி அவர் கட்சி அமைப்பின் சின்னமாயிற்று.

இந்தக் காலத்தை முடித்தது நீராவி. ஒஹையோ மாநிலத்தின் சின்சினாட்டி நகரம் வேலைக்கு உதவும் நீராவி இன்ஜினை வரவழைத்து, 1853 ஏப்ரல் 1 முதல் முழுவதும் சம்பளக்காரர்களைக் கொண்ட தீயணைப்புத் துறையை நிறுவியது. நீராவிக்குத் தோள் சோர்வதில்லை. பம்பை இயக்க ஒரு பொறியாளர், உலைக்கு நிலக்கரி போட ஒருவர், ஓட்ட ஒருவர் போதும். ஆனால் அவர்கள் தேர்ந்தவர்களாக, எந்நேரமும் தயாராக இருக்க வேண்டும். கூட்டத்தின் இடத்துக்குக் குழு வந்தது.

நியூயார்க்கில் தன்னார்வலர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். கடைசியில் 1865இல் மாநிலச் சட்டமன்றம் சட்டம் இயற்றிச் சம்பளத் துறையை ஏற்படுத்தியது. சுமார் 4,000 தன்னார்வலர்கள் இருந்த இடத்தில் 34 இன்ஜின் குழுக்களும் 12 ஏணிக் குழுக்களும் வந்தன. குழுக்களில் மொத்தம் 552 பேர். 46 குழுவால் 552ஐ வகுத்துப் பாருங்கள்: குழுவுக்கு 12 பேர் வரும்.

அந்தப் பன்னிரண்டு பேரும் வீட்டுக்குப் போகாதவர்கள். ஷிஃப்ட் என்பது இல்லை. இரவும் பகலும் நிலையத்திலேயே இருக்க வேண்டும். சாப்பிட்டு வர ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம், மாதத்துக்கு ஒரு நாள் விடுப்பு. உள்நாட்டுப் போரில் படை நடத்திய அலெக்சாண்டர் ஷேலர் 1860களின் இறுதியில் ஆணையர் குழுவில் வந்து ராணுவ ஒழுங்கைக் கொண்டுவந்தார். கேப்டன், லெப்டினன்ட், பட்டாலியன் எல்லாம் அங்கிருந்து வந்தவை.

பிற்காலத்தில் ஷிஃப்ட் முறை வந்தபோது, ஒரே வண்டியை இரவும் பகலும் நிரப்பப் பல மடங்கு ஆட்கள் தேவைப்பட்டார்கள். இதை மேலதிகாரிகளுக்கு விளக்குவது எந்த ஊரிலும் கடினம். பணிப்பதிவேட்டில் இருபது பேர் இருப்பது வேறு. ஓய்வு, விடுப்பு, பயிற்சி, காயம் எல்லாம் போக, இந்த இரவில் மணி அடித்தால் வண்டியில் ஏறுகிறவர்கள் எத்தனை பேர் என்பது வேறு.

ஏணி எட்டாத மாடி

கட்டடங்கள் உயர்ந்தபோது ஏணியும் உயர வேண்டியதாயிற்று. சான் ஃபிரான்சிஸ்கோவில் டேனியல் ஹேய்ஸ் 1868இல் வண்டியோடு பொருத்திய, சுழற்றி உயர்த்தும் ஏணிக்குக் காப்புரிமை பெற்றார். நியூயார்க் வேறொரு வகை ஏணியைச் சோதித்தது. 1875இல் செயல்விளக்கத்தின்போது அது முறிந்து மூன்று தீயணைப்பாளர்கள் உயிரிழந்தார்கள். அதன்பின் உயர்த்தும் ஏணிகள் மீது நகரத்துக்கு நம்பிக்கை போயிற்று. 1880களில்தான் ஹேய்ஸின் ஏணி வந்தது. நீண்ட ஏணி வண்டி குறுகிய தெருவில் திரும்ப, பின்சக்கரங்களைத் தனியாகத் திருப்ப ஓர் ஆள் பின்னால் உட்கார வேண்டும். இன்றும் நியூயார்க்கில் அந்தப் பின்னிருக்கை ஓட்டுநரைச் சில வண்டிகளில் பார்க்கலாம்.

1911 மார்ச் 25 அன்று டிரையாங்கிள் தையல் ஆலையில் தீ. ஆலை இருந்தது எட்டு, ஒன்பது, பத்தாம் தளங்களில். ஏணி வண்டி விரைந்து வந்தது, ஏணியும் முழுதாக உயர்ந்தது. அது எட்டியது ஆறாம் தளம் வரை. 146 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் இளம் பெண்கள், இத்தாலியிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள். ஆலைக் கதவு பூட்டியிருந்ததே பெருங்கொலைக்குக் காரணம். ஏணியின் எல்லையும் அன்று ஊருக்குத் தெரிந்தது. உயரத்தில் உள்ள தீயை உள்ளே படியேறிப் போகிற ஆட்களால்தான் அணைக்க முடியும்; அதற்கு இன்னும் அதிகக் கைகள் வேண்டும்.

1915 ஜனவரியில் சுரங்க ரயில் பாதையில் தீப்பிடித்துப் புகை சூழ்ந்தது. அதையடுத்து மார்ச் 8ஆம் தேதி முதலாம் மீட்புக் கம்பெனி தொடங்கியது. இரும்பு வேலை, மின்வேலை, பளு தூக்கும் வேலை தெரிந்தவர்களைத் தேடிச் சேர்த்தார்கள். எண்ணிக்கை மட்டும் போதாது, எந்தக் கை எதைச் செய்யத் தெரிந்த கை என்பதும் கணக்கில் வந்தது. குதிரைகள் 1922 டிசம்பர் 20 அன்று புரூக்ளினின் 205ஆம் இன்ஜினோடு விடைபெற்றன. மோட்டார் வந்தது, வேகம் கூடியது. ஹோஸைப் படியில் இழுக்கும் வேலையை மோட்டார் எடுத்துக்கொள்ளவில்லை.

எந்த வண்டி போகும்?

தெருமுனைப் பெட்டியை இழுத்தால் தந்தி வழியே நிலையங்களில் மணி அடிக்கும் முறை 1852இல் பாஸ்டனில் தொடங்கியது. 1870களில் நியூயார்க்கிலும் பரவியது. ஒவ்வொரு பெட்டிக்கும் ஓர் எண். மணியின் எண்ணிக்கையைக் கேட்டே எந்தத் தெரு என்று தெரியும். ஒவ்வொரு பெட்டிக்கும் ஓர் அட்டை உண்டு. முதல் அழைப்பில் எந்த இன்ஜின்கள், எந்த ஏணிகள்; தீ பெரிதானால் இரண்டாம் அழைப்பில் எவை, மூன்றாவதில் எவை, காலியான நிலையங்களில் போய் நிற்க வேண்டியவை எவை எல்லாம் அதில் முன்கூட்டியே எழுதியிருக்கும்.

இந்த அட்டையில் பெரிய ஞானம் இருக்கிறது. தீ எரியும்போது யோசிக்க நேரமில்லை. ஆகவே முன்பே யோசித்துவைத்தார்கள். ஒரு பகுதியின் வண்டிகள் எல்லாம் ஒரு தீக்குப் போய்விட்டால், அங்கே அடுத்த தீ வருவதற்குள் வேறு பகுதியிலிருந்து வண்டியை நகர்த்தி வைக்க வேண்டும் என்பதும் அந்த யோசனையில் அடங்கும். நிலையம் என்பது கட்டடம் மட்டுமல்ல, இந்த நிமிடத்தில் அங்கே தயாராக நிற்கும் குழு.

பிராங்ஸ் எரிந்த ஆண்டுகள்

1960களின் பிற்பகுதியிலிருந்து அடுத்த பத்தாண்டுகளை நியூயார்க் தீயணைப்பாளர்கள் 'போர் ஆண்டுகள்' என்கிறார்கள். தெற்கு பிராங்ஸ், ஹார்லம், புரூக்ளினின் பிரவுன்ஸ்வில், புஷ்விக் பகுதிகளில் இரவுக்கு இரவு தீ. ஏழைகளின் குடியிருப்புகளுக்கு வங்கிகள் கடன் தர மறுத்தன. வீட்டுக்காரர்கள் பழுது பார்ப்பதை நிறுத்தினார்கள். கைவிட்ட கட்டடங்கள் பெருகின. சிலர் காப்பீட்டுப் பணத்துக்காகவே எரித்தார்கள். பொய் அழைப்புகளும் குவிந்தன. இன்டர்வேல் அவென்யூவில் இருந்த 82ஆம் இன்ஜினில் பணியாற்றிய டெனிஸ் ஸ்மித் அந்த வாழ்க்கையை 1972இல் புத்தகமாக எழுதினார். அமெரிக்கா முழுக்க அதைப் படித்தது.

முதலில் துறை சரியான திசையில்தான் போனது. நெரிசல் மிகுந்த நிலையங்களில் இரண்டாவது குழுக்களை வைத்தார்கள். மாலை முதல் நள்ளிரவு வரை தீ அதிகம் என்பதால் அந்த நேரத்துக்கு மட்டும் தனிக் குழுக்களை ஏற்படுத்தினார்கள். களைத்த குழுவை அமைதியான பகுதிக் குழுவோடு இடம் மாற்றினார்கள்.

அதே காலத்தில் மேயர் ஜான் லிண்ட்ஸேயின் நிர்வாகம் ரேண்ட் ஆய்வு நிறுவனத்தை அழைத்து வந்தது. தீயணைப்புத் துறையின் தலைமை அதிகாரி ஜான் ஓஹேகன் அறிவியலை நம்பியவர். கூடை பொருத்திய கோபுர ஏணியைத் துறைக்குக் கொண்டுவந்ததிலும், உயர்ந்த கட்டடங்களுக்கான 1973ஆம் ஆண்டின் தீப்பாதுகாப்புச் சட்டத்திலும் அவர் பங்கு பெரிது. ரேண்டின் ஆய்வாளர்கள் உண்மையான அறிவை உண்டாக்கினார்கள். காலியான நிலையங்களுக்கு எந்த வண்டியை நகர்த்துவது என்று கணினி சொல்லும் முறைக்காகப் பீட்டர் கோலசாரும் வாரன் வாக்கரும் 1975இல் லான்செஸ்டர் பரிசு பெற்றார்கள்.

கோலசாரும் எட்வர்ட் பிளமும் 1973இல் வெளியிட்ட 'வர்க்கமூல விதி' இன்னும் புகழ்பெற்றது. ஒரு பகுதியில் வண்டி போக வேண்டிய சராசரித் தூரம், அங்கே தயாராக உள்ள வண்டிகளின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் மாறும் என்பது அந்த விதி. தூரத்தைப் பாதியாக்க வேண்டுமானால் வண்டிகளை நான்கு மடங்காக்க வேண்டும். மறுபக்கமாகப் பார்த்தால், நான்கில் ஒன்றை எடுத்துவிட்டாலும் சராசரித் தூரம் ஏறத்தாழ 15 சதவீதம்தான் கூடும்.

இந்த இரண்டாவது வாசிப்பு நிதியதிகாரிகளுக்கு இனித்தது. 1972 முதல் பல குழுக்கள் மூடப்பட்டன அல்லது இடம் மாற்றப்பட்டன. 1975இல் நகரம் திவாலின் விளிம்பில் நின்றபோது, மேயர் ஏப் பீமின் ஆட்சியில் நூற்றுக்கணக்கான தீயணைப்பாளர்கள் வேலை இழந்தார்கள். மூடியவற்றில் பல, தீ மிகுந்த ஏழைப் பகுதிகளில் இருந்தன.

விதி பொய்யல்ல. அதை வைத்து முடிவு செய்ததில்தான் குறை. சராசரித் தூரம் என்பது அமைதியான பகலையும் எரியும் இரவையும் ஒன்றாகக் கலந்த எண். ஐந்து இடத்தில் ஒரே நேரத்தில் தீ எரியும் இரவில், ஐந்தாவது இடத்துக்குப் போகும் வண்டி எங்கிருந்து வரும்? வந்தபின் அதில் இருப்பவர்கள் அன்றைக்கு எத்தனையாவது தடவையாக ஹோஸ் இழுக்கிறார்கள்? களைப்பை எந்தச் சமன்பாட்டிலும் நான் காணவில்லை. தூரத்தை அளந்தார்கள், தோளை அளக்கவில்லை. ஜோ ஃபிளட் 2010இல் எழுதிய 'தி ஃபயர்ஸ்' நூலும், அதற்கு முன் டெபோரா வாலஸ், ராட்ரிக் வாலஸ் தம்பதியர் எழுதியதும் இந்தக் குறையை விரிவாக எடுத்துவைக்கின்றன.

1970க்கும் 1980க்கும் இடையே பிராங்ஸின் ஏழு கணக்கெடுப்புப் பகுதிகள் தீயாலும் கைவிடலாலும் தங்கள் கட்டடங்களில் 97 சதவீதத்துக்கு மேல் இழந்தன. 44 பகுதிகள் பாதிக்கு மேல் இழந்தன. இவ்வளவுக்கும் நிலையம் மூடியதே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். வறுமை, இனப் பாகுபாடு, வீட்டுக்காரர்களின் பேராசை எல்லாம் சேர்ந்த தீ அது. ஆனால் எரிகிற வீட்டின் பக்கத்து வீட்டைக் காப்பாற்ற வேண்டிய குழுவை எடுத்துவிட்டால், பக்கத்து வீடும் எரியும். இதை அறிய ஆய்வு தேவையில்லை.

மக்களுக்கு அது தெரிந்திருந்தது. புரூக்ளினின் வைத் அவென்யூவில் 212ஆம் இன்ஜினை மூட 1975 நவம்பரில் உத்தரவு வந்தது. அப்பகுதியில் பெரும்பாலும் போலந்து வம்சாவளித் தொழிலாளர் குடும்பங்கள், நெருங்கிய மரவீடுகள். ஆடம் வெனெஸ்கி என்ற உள்ளூர்க்காரர் முன்னின்றார். மக்கள் நிலையத்துக்குள் புகுந்து, வண்டியை வெளியே கொண்டுபோக விடாமல் அங்கேயே தங்கினார்கள். குடும்பம் குடும்பமாக முறை வைத்து ஓராண்டுக்கு மேல் இருந்தார்கள். 'மக்கள் தீயணைப்பு நிலையம்' என்று பெயர் வைத்தார்கள். நகரம் இறங்கி வந்து சேவையைத் திரும்பத் தந்தது. 2003இல் மேயர் மைக்கேல் புளூம்பெர்க் காலத்தில் மூடிய ஆறு இன்ஜின்களில் அதுவும் ஒன்றாகப் போயிற்று. ஆனாலும் ஒரு தலைமுறைக் காலம் அந்த மரவீடுகளுக்குப் பக்கத்தில் ஓர் இன்ஜின் நின்றது. அதை நிறுத்தி வைத்தவர்கள் அங்கே குடியிருந்தவர்கள்.

ஐந்தாவது ஃபயர்மேன்

நிலையத்தை மூடினால் மக்கள் இப்படி எழுவார்கள். ஆள் குறைத்தால்? 2011 தொடக்கத்தில், அதுவரை அதிகாரியோடு ஐந்து ஃபயர்மேன்கள் ஏறிவந்த 60 இன்ஜின்களில் நகரம் ஒருவரைக் குறைத்து நான்காக்கியது. கதவடி ஆள் போனார். நிலையத்துக்குள் புகுந்து தங்க எந்த ஊராரும் வரவில்லை. வண்டி வழக்கம்போலத் தெருவில் போனது. தொழிற்சங்கம் மட்டுமே விடாமல் போராடி, 2015 ஒப்பந்தத்தில் சில இன்ஜின்களுக்கு ஐந்தாவது ஆளைப் படிப்படியாகத் திரும்பப் பெற்றது.

ஓர் ஆளால் என்ன வந்துவிடும் என்ற கேள்விக்கு அமெரிக்காவின் தேசியத் தரநிலைகள் நிறுவனம் 2010இல் பதில் தந்தது. வாஷிங்டனை அடுத்த பகுதியில் ஒரு சாதாரண வீட்டின் மாதிரியைக் கட்டி, அறுபதுக்கும் மேற்பட்ட முறை குழுக்களை இறக்கி, 22 வேலைகளுக்கு ஆகும் நேரத்தை அளந்தார்கள். வண்டிக்கு நான்கு பேர் வந்தபோது, மூன்று பேர் வந்ததைவிட எல்லா வேலையும் ஏறத்தாழ 25 சதவீதம் வேகமாக முடிந்தது. ஐந்து நிமிடத்துக்கு மேல் மிச்சம். இரண்டு பேரோடு ஒப்பிட்டால் 30 சதவீதம். பின்னர் 13 மாடிக் கட்டடம் ஒன்றில் பத்தாம் மாடித் தீயை வைத்துச் சோதித்தபோதும் ஆள் கூடக்கூட வேலை விரைந்தது.

அமெரிக்காவின் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கம் 2001இல் வெளியிட்ட தரநிலையும் இரண்டையும் சேர்த்தே சொல்கிறது: முதல் இன்ஜின் நான்கு நிமிடப் பயணத்தில் வர வேண்டும், அதில் குறைந்தது நான்கு பேர் இருக்க வேண்டும். 1998 முதல் அங்கே இன்னொரு விதி உண்டு. உயிருக்கு ஆபத்தான சூழலுக்குள் இரண்டு பேர் சேர்ந்துதான் நுழைய வேண்டும்; வெளியே இரண்டு பேர் அவர்களைக் காப்பாற்றத் தயாராக நிற்க வேண்டும். உள்ளே உயிர் ஆபத்தில் இருப்பது தெரிந்தால் மட்டுமே விலக்கு. மூன்று பேரோடு வரும் வண்டி, வாசலுக்கு வந்தும் உள்ளே போக முடியாமல் அடுத்த வண்டியை எதிர்பார்த்து நிற்க நேரிடும். நேரத்துக்கு வந்தது என்று பதிவேட்டில் ஏறும். வீட்டுக்காரருக்கு அதனால் என்ன பயன்?

யார் ஏறினார்கள் என்ற தாள்

நியூயார்க்கில் ஒவ்வொரு ஷிஃப்ட் தொடக்கத்திலும் அதிகாரி ஒரு தாளில் எழுதுகிறார்: இன்று வண்டியில் ஏறுகிறவர்கள் யார், யாருக்கு எந்த வேலை. காலை 9 மணிக்கும் மாலை 6 மணிக்கும் ஷிஃப்ட் மாறும். 2001 செப்டம்பர் 11 அன்று முதல் விமானம் மோதியது காலை 8.46க்கு. இரவுப் பணி முடிந்தவர்களும் பகல் பணிக்கு வந்தவர்களும் ஒரே நேரத்தில் நிலையத்தில் இருந்தார்கள். வீட்டுக்குப் போகலாம் என்ற நிலையில் இருந்தவர்கள் பலர் போகவில்லை. இருக்கைக்கு மேல் ஆள் ஏறி வண்டிகள் கிளம்பின. தாளில் எழுதிய பெயரைவிட அதிகம் பேர் கோபுரங்களுக்குள் போனார்கள். அன்று துறை 343 பேரை இழந்தது. யார் யார் உள்ளே இருந்தார்கள் என்று தேடித் தேடி அறிய வேண்டியதாயிற்று. ஆள் கணக்கு என்பது ஒருவரும் விடுபடாமல் வெளியே வந்தாரா என்று பார்க்கும் கணக்கும்கூட.

குவீன்ஸில் என் மகள் வீட்டுப் பக்கத்து நிலையத்தில் ஒரு லெப்டினன்டோடு பேசுவேன். வேறு நாடு, வேறு வண்டி, வேறு சம்பளம். ஆனால் இருவருக்கும் முதல் கவலை ஒன்றுதான்: இன்று எனக்கு எத்தனை பேர்? நான் பணியில் இருந்தபோது இரவு பத்து மணிக்கு ஒருவர் காய்ச்சல் என்று படுத்தால், யாருடைய வேலையை யாருக்குக் கொடுப்பது என்று மனத்துக்குள் கணக்குப் போட்டபடியே விடியும் வரை கிடப்பேன். ஓட்டுநர் பம்பை விட்டு நகர முடியாது. பிராஞ்சுக்கு இரண்டு பேர். மீதி யார் ஏணி சாத்துவது, யார் கேஸ் சிலிண்டரை அப்புறப்படுத்துவது, யார் அழும் தாயிடம் உள்ளே எத்தனை குழந்தை என்று கேட்பது?

ஒரு நகரம் மூன்று நூற்றாண்டுகளில் விலை கொடுத்துக் கற்றதை நாம் விலை கொடுக்காமல் கற்கலாம். நம் ஊருக்குப் புதிய தீயணைப்பு வண்டி வரும்போது விழா நடக்கும், கொடியசைப்பார்கள், படம் வரும். வரட்டும், வண்டி தேவைதான். அந்த விழா மேடையிலேயே உள்ளூர்க்காரர் ஒருவர் எழுந்து கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: இந்த வண்டியில் இரவு இரண்டு மணிக்கு ஏறப்போகிறவர்கள் எத்தனை பேர், அவர்களை நியமித்த ஆணை எங்கே? வண்டிக்கு ஆறு பேர் என்று விதி இருந்தால், ஆறு பெயரையும் கேட்க வேண்டும். விடுப்புக்கும் ஓய்வுக்கும் மாற்று ஆட்கள் உண்டா என்றும் கேட்க வேண்டும். பதில் வரும் வரை திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும்.